இன்னும் வராத வெப்பம்

இலையுதிர்காலக் குளிரில் ஓடப் புறப்படுகிறவர் ஒரே உடையை மூன்று உடல்களுக்காக உடுத்துகிறார். கதவைத் திறந்ததும் சிலிர்த்துத் தோளைக் குறுக்கிக்கொள்ளும் உடல் முதலாவது. கால் மணி நேரம் கழித்து உள்ளே அடுப்பு மூட்டியதுபோலக் காயும் உடல் இரண்டாவது. ஓட்டம் முடிந்து, நனைந்த சட்டையோடு தெருமுனையில் மூச்சு வாங்கி நிற்கும் உடல் மூன்றாவது. மூன்றின் தேவையும் வேறு வேறு. ஆனால் உடையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எப்போதும் முதல் உடலிடமே இருக்கிறது. அதற்குக் குளிர்கிறது, அதனால் அது அலமாரியில் கனமானதைத் தேடுகிறது. இந்தப் பருவத்தில் ஓடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஈழத்தமிழர் ரொறன்ரோ என்று எழுதும் டொராண்டோ நகரம் இதற்குப் பொருத்தமான களம். அங்கே அக்டோபரில் பகலின் உச்ச வெப்பம் சராசரியாக 14 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்; நவம்பரில் அது ஏழெட்டு டிகிரிக்கு இறங்கிவிடும். விடியற்காலையில் இன்னும் குறைவு. ஒரே வாரத்தில் ஒரு நாள் அரைக்கைச் சட்டை போதும், மறுநாள் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். ஜனவரிக் குளிரில் யாருக்கும் குழப்பமில்லை. எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். குழப்பம் இந்த இடைக்காலத்துக்கே உரியது. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இதே மாதங்களுக்குத் தமிழ் மரபு வைத்த பெயர் கூதிர். யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குப் போன மூத்தவர்கள் வாயில் அந்தச் சொல்லின் உறவான ‘கூதல்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. கூதல் என்றால் போர்த்திக்கொள்வது. மஃப்ளர், ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொன்று. வெப்பநாட்டில் வளர்ந்த உடலுக்குக் குளிரைப் பற்றித் தெரிந்த ஒரே மறுமொழி அது. உட்கார்ந்திருப்பவருக்கு அது சரியான மறுமொழியும்கூட.

ஓடுகிறவர் கணக்கு வேறு. சமதரையில் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகிறது. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அந்த ஒரு மணி நேரத்துக்கு 700 கிலோகலோரி. அதில் கால்பங்கைத்தான் தசைகள் அசைவாக மாற்றுகின்றன. மீதி முக்கால்பங்கும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று தரும் அளவுக்கு வெப்பம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஓடும் உடல் அத்தகைய ஆறு பல்புகளை ஒரு சேர எரியவிடுகிறது. இந்த வெப்பம் முழுவதும் தோல்வழியாகவும் மூச்சுவழியாகவும் வெளியேறியாக வேண்டும். உடைக்கு இங்கே வேலை வெப்பத்தைப் பூட்டிவைப்பதல்ல. வெளியேறும் வழியை அடைக்காமல், காற்று அதை ஒரேயடியாகப் பறித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது.

ஆறு பல்புகளும் உடனே எரிவதில்லை. முதல் சில நிமிடங்களில் தசை உண்டாக்கும் வெப்பம் தசையையே சூடாக்குவதில் போய்விடுகிறது. தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் குளிருக்கு அஞ்சிச் சுருங்கியிருக்கின்றன. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் உடலின் உள்வெப்பம் ஏறி, குழாய்கள் விரிந்து, வியர்வை தொடங்குகிறது. அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் விதி இந்த இடைவெளியிலிருந்து வந்தது: வெப்பமானி காட்டுவதைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருக்கிறது என்று நினைத்து உடுத்த வேண்டும். ஐந்து டிகிரிக் காலையில், பதினைந்து டிகிரியில் கடைத்தெருவுக்கு நடந்துபோக எது போதுமோ அது. வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அங்கேயே இதமாக இருந்தால் உடை அதிகம். இரண்டாவது கிலோமீட்டரில் அது தெரிந்துவிடும். எளிய விதிதான், ஆனால் கடைப்பிடிப்பது கடினம். இன்னும் வராத ஒரு வெப்பத்தை நம்பி, இப்போது இருக்கிற குளிரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது அது. ஒன்றிரண்டு வாரம் உடலே அதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வரும்.

நடைமுறையில் இது இப்படி அமையும். பதினைந்து டிகிரிக்கு மேல் ஷார்ட்ஸும் மெல்லிய அரைக்கைச் சட்டையும் போதும். பத்து டிகிரியை ஒட்டி முழுக்கைச் சட்டை ஒன்று. கால்கள் பெரும்பாலோருக்கு வெறுமையாகவே இருக்கலாம். ஐந்து டிகிரிக்கு இறங்கும்போது காலை ஒட்டிய டைட்ஸ், மெல்லிய கையுறை, காதை மூடும் பட்டி. சுழியத்தை நெருங்கும்போது மேலே இரண்டு அடுக்கு: உடம்போடு ஒட்டிய ஒன்று, அதன்மேல் கழுத்தருகே ஸிப் வைத்த இன்னொன்று. ஸிப் அற்பமான விஷயமல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு விரற்கடை இறக்கினால் மார்பிலிருந்து வெப்பம் வெளியேறுகிறது. காற்று எதிர்ப்படும்போது ஏற்றிவிடலாம். தனியாகப் போட்டுக் கழற்றும் கையுறை போன்ற கைச்சட்டைகளும் உண்டு; தோளிலிருந்து மணிக்கட்டுவரை இருக்கும், சூடேறினால் சுருட்டி இறக்கலாம். ஒரு தடித்த ஆடையைவிட இரண்டு மெல்லியவை மேலானவை என்பதற்குக் காரணமும் இதுதான். இடையில் சிக்கும் அசையாத காற்றே உண்மையான போர்வை. அதோடு, வேண்டாதபோது ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளவும் முடியும். தூவி அடைத்த கனத்த குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடுவோரை நவம்பர் தொடக்கத்தில் பூங்காக்களில் பார்க்க முடிகிறது. பத்து நிமிடத்தில் அவர்கள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பதையும் பார்க்கலாம்.

அடுக்குகளின் எண்ணிக்கையைவிட முக்கியமானது தோலைத் தொடும் முதல் துணி எதனால் ஆனது என்பது. தமிழருக்கு இந்த இடத்தில் மனம் ஒப்பாத ஒரு செய்தி இருக்கிறது: பருத்தி வேண்டாம். திருப்பூர் பனியனை உடம்பின் இரண்டாம் தோலாக எண்ணி வளர்ந்தவர்களுக்கு இது கிட்டத்தட்ட நன்றி கெட்ட பேச்சு. வெயில்நாட்டில் பருத்திக்கு ஈடில்லை. வியர்வையை உறிஞ்சி, தன்னிடம் வைத்துக்கொண்டு, மெல்ல உலர்ந்து உடலைக் குளிர்விக்கிறது. அங்கே அது செய்யும் அதே உபகாரம்தான் ஐந்து டிகிரியில் கெடுதலாகிறது. பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. நீரோடு பிணைந்துகொள்ளும் இயல்பு அதன் மூலக்கூற்றிலேயே இருக்கிறது. சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் ஏழெட்டு சதவீத ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வியர்வையில் தோய்ந்தால் இழை ஊதி, துணி கனத்து, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். துணியின் கண்களில் இருந்த காற்று போய் அங்கே நீர் வந்து குடியேறினால், போர்வை என்று நினைத்தது வெப்பத்தை வெளியே கொண்டுபோகும் பாதையாகிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரை இது தெரியாது. சிவப்பு விளக்குக்காக ஒரு நிமிடம் நின்றால் முதுகில் ஐஸ் வைத்ததுபோல இருக்கும்.

பாலியஸ்டர் இழை தனக்குள் நீரை ஏற்பதில்லை. அரை சதவீதம்கூட இல்லை. இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக வியர்வை விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோலப் பரவி, வெளிப்பக்கம் வந்து, விரிந்த பரப்பிலிருந்து ஆவியாகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். உடல் நம்பியிருக்கும் குளிரூட்டி அது. சொட்டி விழும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை. அது வெறும் நீரிழப்பு. எனவே துணி வியர்வையை ஆவியாக விட வேண்டும், ஆனால் தோலின்மேலேயே குளம் கட்ட விடக்கூடாது. பாலியஸ்டரின் குறை அதன் நாற்றம். தோலின் எண்ணெய்ப்பசை அதில் ஒட்டிக்கொள்ள, பாக்டீரியா அங்கே செழிக்கிறது.

கம்பளி இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் மிஞ்சுகிறது. கம்பளி என்றதும் தமிழ் மனம் நினைப்பது தோலை அரிக்கும் கறுப்புக் கம்பளத்தைத்தான். அந்த அரிப்புக்குக் காரணம் ஆடல்ல, இழையின் பருமன். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேற்பட்ட முரட்டு இழைமுனை வளையாமல் தோலைக் குத்துகிறது. மெரினோ ஆட்டின் இழை 20 மைக்ரானை ஒட்டியது, அதற்கும் குறைவானது உண்டு. அது தோலைத் தொட்டதும் வளைந்துவிடும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீராவியை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொடுகைக்கு ஈரமாகத் தெரியாமல் இருக்கும். ஈரத்தை வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தை வெளிவிடும். நாற்றம் பிடிப்பதும் குறைவு. விலை கூடுதல், விரைவில் ஓட்டை விழும், உலர நேரமாகும். குளிரத் தொடங்கும் இந்தப் பருவத்துக்கு ஒரேயொரு நல்ல உடுப்பு வாங்க முடியும் என்றால் அது மெல்லிய மெரினோ முழுக்கைச் சட்டையாக இருப்பதே நல்லது. பாலியஸ்டர் சட்டையே இருக்கிறதென்றாலும் குறையொன்றுமில்லை.

பெண்களுக்கு முதல் துணி சட்டையல்ல, ஸ்போர்ட்ஸ் பிரா. உடை பற்றிய அறிவுரைகள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் ஆகிய மூவர் ஆண்களின் விளையாட்டு உள்ளாடை இரண்டை எடுத்துச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியை உருவாக்கினார்கள். அவர்களுக்கு இருந்த கேள்வி தாங்கும் வலிமை. இலையுதிர்காலத்தில் இன்னொரு கேள்வியும் சேர்கிறது. இறுக்கமாக, சில இடங்களில் இரட்டை மடிப்பாக, பஞ்சு வைத்துத் தைக்கப்படும் இந்த ஆடைதான் உடலிலேயே அதிக ஈரத்தை அதிக நேரம் வைத்திருப்பது. அது பருத்தி கலந்ததாக இருந்தால், மேலே என்ன விலையுள்ள சட்டை போட்டாலும் பயனில்லை. ஓட்டம் முடிந்து மேற்சட்டையை மாற்றிவிட்டு இதை மாற்றாமல் வீடுவரை பயணம் செய்கிறவர்களின் நடுக்கத்துக்கு இதுவே காரணம்.

அடுத்தது காற்று. வெப்பமானி சொல்வதும் தோல் உணர்வதும் ஏன் ஒன்றாக இல்லை என்ற கேள்வியை முதலில் அளந்து பார்த்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அண்டார்க்டிகாவில், பிளாஸ்டிக் உருளையில் நீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த உருளையின் இடத்துக்கு மனித முகம் வந்தது. 2001-இல் டொராண்டோவில் இருந்த கனடியப் பாதுகாப்புத்துறை ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கத்தில், ஆறு ஆண்களும் ஆறு பெண்களும் முகத்தில் உணரிகளை ஒட்டிக்கொண்டு ஓடுபட்டையில் நடந்தார்கள். இன்று கனடாவும் அமெரிக்காவும் அறிவிக்கும் காற்றுக்குளிர் எண் அந்த நடையிலிருந்து வந்தது. அதன்படி, ஐந்து டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால் வெறும் தோலுக்கு அது ஒரு டிகிரிபோலத் தெரியும்.

ஓடுகிறவர் தன் காற்றையும் தானே உண்டாக்குகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்க்காற்றில் இரு வேகங்களும் கூடுகின்றன; பின்காற்றில் ஒன்று மற்றொன்றைக் கழிக்கிறது. ஒரே ஓட்டத்தில் போகும்போது ஒரு பருவம், திரும்பும்போது இன்னொரு பருவம். டொராண்டோவின் ஏரிக்கரைப் பாதையான மார்ட்டின் குட்மன் தடத்தில் இது கண்கூடு. கோடை முழுவதும் வாங்கிய வெப்பத்தை ஒன்டாரியோ ஏரி இலையுதிர்காலத்தில் மெல்ல விடுவதால், கரையோரம் நகரின் உட்பகுதியைவிட ஒன்றிரண்டு டிகிரி இதமாக இருக்கலாம். ஆனால் தடுக்க மரமோ சுவரோ இல்லாத வெளியில் காற்று நேராக மார்பில் வந்து விழும். டான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலைமை தலைகீழ்: இரவெல்லாம் குளிர்காற்று கீழே வந்து தேங்கியிருக்கும், ஆனால் வீச்சு இல்லை. எனவே உடை எது என்பதோடு பாதை எது என்பதும் சேர்ந்தே முடிவாக வேண்டும். பழைய ஓட்டக்காரர்கள் காற்றுக்கு எதிராகப் புறப்பட்டு, காற்றைப் பின்னால் வைத்துத் திரும்புவார்கள். உடல் உலர்ந்திருக்கும்போது வாடையைச் சந்தித்துவிட்டால், நனைந்த பிறகு அதற்கு முகம் கொடுக்க வேண்டியதில்லை. விண்ட்சீட்டர் வாங்குகிறவர்கள் முன்பக்கம் காற்றைத் தடுத்து, முதுகும் அக்குளும் காற்றோடும்படி தைத்ததைத் தேர்வது நல்லது. முற்றும் அடைத்த பிளாஸ்டிக் மேலுடைக்குள் வியர்வைக்குப் போக்கிடமில்லை.

மழை சேர்ந்தால் இந்தச் சிக்கல் தீர்க்க முடியாததாகவே ஆகிவிடுகிறது. நீரைத் தடுத்து ஆவியை விடும் சவ்வுத் துணியின் அடிப்படை, 1969-இல் பாப் கோர் டெஃப்லான் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டிக் கண்டது. மலையேறுகிறவருக்கு அது வரம். ஓடுகிறவர் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வியர்வை விடும்போது, வெளியே காற்றும் மழையால் ஈரமேறி நிற்கையில், அந்தச் சவ்வால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மழையிலும் நனைவார், மழைக்கோட்டிலும் நனைவார். ஆகவே நனையாமல் இருப்பதை இலக்காக வைக்காமல், நனைந்தாலும் குளிராமல் இருப்பதை வைப்பது அறிவு: உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி, அதன்மேல் காற்றுத் தடுக்கும் லேசான மேலுடை, கண்ணில் நீர் விழாமல் விளிம்பு வைத்த தொப்பி. பருவம் வேறானாலும் இதற்கு மறக்க முடியாத சான்று 2018 ஏப்ரல் 16 அன்று நடந்த பாஸ்டன் மராத்தான். கொட்டும் மழை, எதிர்க்காற்று, ஒற்றை இலக்க வெப்பநிலை. முன்னணி வீரர்கள் பலர் குளிர் தாங்காமல் விலகினார்கள். 2 மணி 39 நிமிடம் 54 நொடியில் பெண்கள் பிரிவை வென்ற டெஸ் லிண்டன், மேலுடையைக் கடைசிவரை கழற்றாமலே இறுதிநாடாவைத் தொட்டார். வேகத்துக்காக ஒவ்வொரு கிராமையும் குறைக்கும் ஆட்டத்தில், அன்று அந்த மேலுடை சுமையாக இல்லை.

உடலின் நடுப்பகுதி கொதிக்கும்போதும் ஓரங்கள் குளிர்ந்தே கிடக்கும். விரல்களில் வெப்பம் உண்டாக்கும் தசை அநேகமாக இல்லை. பருமனுக்கு ஒப்பிட்டால் பரப்போ அதிகம். இரத்தத்தைச் சிக்கனப்படுத்த உடல் முதலில் மூடும் குழாய்களும் அங்கேதான். சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் கூதிர்காலத்து ஆயர்கள் கையில் கொள்ளிகளை ஏந்தி நடுங்குகிறார்கள். கையே முதலில் முறையிடும் என்பதை அந்தப் புலவர் பார்த்திருக்கிறார். அரைக்கைச் சட்டையும் கையுறையுமாக ஓடுகிறவரைப் பார்த்தால் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் எட்டு டிகிரியில் அது முழுப் பொருத்தமான உடை. விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கையும் ஒரே பையில் சேர்த்து வைக்கும் உறை வெப்பமானது. குளிரில் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் ரேனோ நோய் உள்ளவர்கள் பத்து டிகிரியிலேயே கையுறை போட வேண்டும். கை சில்லிட்ட பிறகு போடுவதில் பயன் குறைவு.

தலைவழியேதான் உடல் வெப்பத்தில் பாதி போகிறது என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வருகிறது, அது உண்மையல்ல. தலை உடற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வெப்ப இழப்பும் அதற்கு ஏற்றபடிதான். கனத்த குல்லா இந்தப் பருவத்தில் தேவைப்படுவதில்லை. காதுமடல் மட்டும் வலிக்கும். அதற்கு ஒரு பட்டி போதும், உச்சந்தலை மூச்சுவிடலாம். கழுத்தில் போடும் குழாய்வடிவத் துணி ஒன்று பல வேலை செய்யும்: காதுக்கு ஏற்றலாம், குளிர்ந்த உலர்காற்றில் மூச்சுக்குழல் இறுகுகிறவர்கள், முக்கியமாக ஆஸ்துமா உள்ளவர்கள், முதல் சில நிமிடங்கள் வாயை மூடிக்கொள்ளலாம், சூடேறினால் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளலாம்.

கால்களைப் பற்றிக் கவலை குறைவு, அவைதான் உலைக்களம். பாதத்துக்குப் பருத்திச் சாக்ஸ் கூடாது. ஈரமான பருத்தி உராய்ந்து கொப்புளம் தரும். டைட்ஸின் விளிம்புக்கும் சாக்ஸுக்கும் நடுவே கணுக்காலில் இடைவெளி விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சப்பாத்தின் அடிப்பகுதியைப் புரட்டிப் பார்ப்பது நல்லது: மழையில் ஊறிய மேப்பிள் இலைகள் பாதையில் வாழைப்பழத் தோல்போல் வழுக்கும்.

சொன்ன கணக்குகள் எல்லாம் ஓரளவு விரைந்து ஓடுகிறவருக்கு உரியவை. மெதுவாக ஓடுகிறவரும், இடையிடையே நடக்கிறவரும் பாதி வெப்பத்தையே உண்டாக்குகிறார்கள். அவர்களுக்குப் பத்து டிகிரி விதி ஐந்து டிகிரி விதியாகும். வயது ஏற ஏறக் குளிருக்குத் தோல்குழாய்கள் சுருங்கும் விரைவு குறைகிறது. நடுக்கமும் தாமதமாக வருகிறது. 2011 அக்டோபர் 16 அன்று டொராண்டோ ஏரிக்கரை மராத்தானை, தமக்கு நூறு வயது என்று சொன்ன ஃபவுஜா சிங் தலைப்பாகையோடு ஓடி முடித்தார். எட்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. இரண்டரை மணி நேரத்தில் முடிப்பவர் காணும் ஒரு காலைப்பொழுது அல்ல அது. விடியலின் குளிர், நடுப்பகல் வெயில், மாலை திரும்பும் காற்று என ஒரு முழு நாள். நிதானமாக ஓடுகிறவருக்கே அடுக்குகள் அதிகம் தேவை, கழற்றி மாட்டும் வசதியும் அதிகம் தேவை. வேகமானவர்களின் உடையைப் பார்த்து அப்படியே உடுத்துவது பலருக்கு நடுக்கத்தில் முடிகிறது.

முதல் உடலை நெடுநேரம் காக்கவைக்கும் இடம் நியூயார்க் மராத்தான். நவம்பரின் முதல் ஞாயிறு. பல்லாயிரம் பேர் இருள் பிரியும் முன்பே ஸ்டேட்டன் தீவின் ஃபோர்ட் வாட்ஸ்வர்த் திடலுக்கு வந்து, வெரசானோ பாலத்தில் தங்கள் முறை வரும்வரை மணிக்கணக்கில் புல்தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடுவதற்கான உடையில் அங்கே இருக்க முடியாது. இருப்பதற்கான உடையில் ஓட முடியாது. அதற்கு அவர்கள் கண்ட வழி, வீசிவிடுவதற்கென்றே ஓர் உடையை மேலே போட்டு வருவது: பிடிதுணியாகப் போகவிருந்த ஸ்வெட்டர், சாயம் போன இரவு அங்கி, மூட்டையாகச் சுற்றிய போர்வை. புறப்படும் நொடியில் அவை மலைமலையாகக் குவிகின்றன. சேகரித்து குட்வில் தொண்டு அமைப்புக்கு அனுப்புகிறார்கள். உள்ளூரில் தனியாக ஓடுகிறவருக்கு இவ்வளவு வேண்டாம். வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் படியேறி இறங்கி, சற்றுச் சூடேறிய பிறகு வெளியே வந்தால் முதல் உடலின் பேச்சு அடங்கிவிடும். அதே நியூயார்க் இந்தப் பருவத்தை முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பதற்கும் சாட்சி. 2014-இல் காற்றின் சீற்றத்தால் சக்கர நாற்காலிப் போட்டியாளர்களின் தொடக்கத்தைப் பாலத்துக்கு அப்பால் மாற்ற வேண்டியிருந்தது. 2022-இல் அதே வாரத்தில் வெயில் இருபது டிகிரியைத் தாண்டியது. முந்தைய இரவு எடுத்து வைத்த உடையைக் காலையில் ஒருமுறை மறுபரிசீலனை செய்வது எப்போதும் தேவை.

வெளிச்சம் குளிரைவிட விரைவாகக் குறைகிறது. அக்டோபர் கடைசியில் டொராண்டோவில் காலை ஏழே முக்காலுக்குப் பிறகே சூரியன் எழும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். வேலைக்குப் போகிறவர்கள் எந்த வேளையில் ஓடினாலும் இருட்டில்தான். கடைகளில் டைட்ஸும் கையுறையும் மேலுடையும் கறுப்பாகவே தொங்குகின்றன. இது உண்மையாகவே ஆபத்தானது. ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் நுண்கண்ணாடி மணிகள் பதித்த பட்டைகள் வேண்டும். அவற்றை மார்பில் போடுவதைவிடக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் போடுவது மேலானது. 1973-இல் சுவீடனின் உளவியலாளர் குன்னர் யோஹான்சன், இருட்டில் மூட்டுகளில் மட்டும் விளக்குப் பொருத்தி நடப்பவரைப் பார்ப்பவர்கள், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அது மனிதர் என்று கண்டுகொள்வதைக் காட்டினார். மார்பில் மின்னும் பட்டை ஓட்டுநருக்கு ஒரு பலகையாகவோ கம்பமாகவோ தெரியலாம். ஏறி இறங்கும் கணுக்கால் வெளிச்சம் மனிதரைத் தவிர வேறெதுவாகவும் தெரியாது.

கடைசியில் மூன்றாவது உடல். ஓட்டம் நின்றதும் ஆறு பல்புகளும் சில நிமிடங்களில் அணைகின்றன. வியர்வை மட்டும் நிற்பதில்லை, விரிந்த இரத்தக் குழாய்களும் உடனே சுருங்குவதில்லை. நனைந்த துணி, திறந்த தோல், எரியாத அடுப்பு: இம்மூன்றும் சேர்ந்த பத்து நிமிடத்தில்தான் ஓட்டக்காரருக்கு உண்மையில் குளிர் பிடிக்கிறது. மராத்தான் முடிவில் தோளில் போர்த்தும் வெள்ளிநிறத் தாள் இதற்காகவே. அலுமினியம் பூசிய மெல்லிய பாலியஸ்டர் படலம் அது; 1960-களின் விண்வெளி ஆய்வுக்காக உருவான பொருளின் வழிவந்தது. காற்றையும் ஆவியாதலையும் அது தடுக்கும், ஆனால் அடியில் இருக்கும் ஈரத்தை அகற்றாது. நண்பர்களோடு ஓடிவிட்டுப் பூங்கா வாசலில் நின்று பேசுகிறவர்கள் காரில் உலர்ந்த சட்டை ஒன்றை வைத்திருக்க வேண்டும். மாற்ற வேண்டிய வரிசை: முதலில் தோலைத் தொடும் மேற்பகுதித் துணி, பிறகு தலையின் ஈரம் துடைத்துக் குல்லா, அதன் பின்னரே மற்றவை. கனத்த குளிர்கால ஜாக்கெட்டுக்கு இந்தப் பருவத்தில் உரிய நேரம் இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் பாலியஸ்டர் உடுப்பைக் கூடையில் அடைக்காமல் அலசிப் போட வேண்டும். துணியை மிருதுவாக்கும் திரவத்தை அதில் ஊற்றக் கூடாது. அது இழைமேல் மெழுகுபோலப் படிந்து வியர்வை பரவும் வழியை அடைக்கும். மெரினோவைக் குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி, தொங்கவிடாமல், துண்டின்மேல் பரப்பி உலர்த்துவார்கள். நனைந்த சப்பாத்துக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்தால் மறுநாள் விடியலுக்குள் ஈரத்தை இழுத்துவிடும். சூடேற்றியின் அருகே வைத்தால் பசை விட்டுப்போகும்.